பக்கத்து வீட்டு நாக்கு

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையலுக்கு உப்புப் பார்த்துச் சொன்னது ஒரு பெருமாள் பக்தை. இதை நான் என் வலைப்பூவில் எழுதியபோது படித்தவர்கள் ரொம்பவே உருகிப்போனார்கள். மத நல்லிணக்கம் என்றார் ஒருவர். கண் கலங்கிவிட்டது என்றார் இன்னொருவர். அட, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிற வீட்டில், அடுப்பிலிருக்கும் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று யார் பார்ப்பது? அதற்கு ஒரு நாக்கு வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்று சும்மா இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

நாங்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது பழவேற்காட்டிலிருந்து. வாப்பாவின் வீட்டார் அங்கே தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள். இங்கே தொழிற்பேட்டை பெருத்து லாரி வரத்து கூடியதும், லாரிக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கலாம் என்று வாப்பா பஜாரில் ஒரு கடை போட்டார். வீட்டில் வாப்பா, உம்மா, நான் என்று மூன்றே பேர். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பக்கத்து வீட்டக்காவின் புருஷனுக்கு இரும்பாலையில் உலை வேலை. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. நோன்பு நாட்களில் சாயங்காலம் நாலரை மணிக்கு உம்மா அந்தச் சுவருக்கு மேலே ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டுவாள். அக்கா வாங்கி ஊதி, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு சப்புக் கொட்டுவாள்.

"கொஞ்சூண்டு வேணும் பாயம்மா. இத்தினி" என்று விரல் நுனியைக் காட்டுவாள்.

உம்மா போய் அந்த 'இத்தினி'யைப் போடுவாள். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், விழுங்காவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே பயான் உரையில் சொல்லியிருக்கிறார். உம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அவுரு சொல்லிட்டுப் போய்டுவாரு. ஒரு சொட்டு தொண்டையில எறங்கிட்டா, மறுமையில அவுரா வந்து பதில் சொல்வாரு?" என்பாள்.

இத்தனைக்கும் உம்மாவுக்கு மூக்கு போதும். கொதிக்கிற ஆவியில் முகத்தைக் காட்டினாலே உப்புக் குறைவா, கூடவா என்று சொல்லிவிடுவாள். பழவேற்காட்டுச் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், பிரியாணி தம்முக்குப் போகும்முன் உம்மாவைத்தான் அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள். பட்டுச் சேலையோடு போய்க் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ரெண்டு கை போடு" என்பாள். சமையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் போடுவார். உம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், நகைநட்டும் பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் கல்யாண மண்டபத்தில் அவள்தான் ராணி. அது அவளுக்கும் தெரியும்.

நான் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்த்தேன். லாரி கிளம்பும்போது கூடவே போகிற தரச் சான்றிதழை அடித்துக் கொடுப்பது என் வேலை. ஆபீஸில் மற்றவர்கள் மெட்ராஸ் பக்கமிருந்து ஒன்பது மணி ரயிலில் வந்து இறங்குவார்கள். நான் உள்ளூர்க்காரி, எட்டரைக்கே போய்விடுவேன். அந்த அரைமணி நேரம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் என் சொத்து. முதலில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ஒருவர் வந்து எழுத்துருவைப் போட்டுக்கொடுத்தார். அப்புறம் பார்த்தால், அடேயப்பா, எத்தனை பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

எனக்குப் பிடித்தவை மூன்று வலைப்பூக்கள். ஒருவர் எங்கோ பனி கொட்டும் ஊரில் தனியாக இருந்தார். வாரம் ஒருமுறை சாம்பார் வைத்து அது எப்படிக் கெட்டுப்போனது என்று விலாவாரியாக எழுதுவார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் தினமும் காலை ஜெபத்தில் தொடங்கி மாமியாரில் முடிப்பார். நடுவில் ஒரு குழம்பு கொதிக்கும். மூன்றாமவர் ரிட்டையரான பெரியவர். இட்லி மாவு புளிப்பதைப் பற்றி மட்டும் பதினாலு பதிவு போட்டவர், அதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. இவர்கள் முகம் தெரியாது, பெயரும் நிஜம்தானா என்று தெரியாது. ஆனால் இவர்கள் வீட்டு அடுப்படியில் எது எங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். சொந்தச் சித்தி வீட்டில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

நானும் ஒன்று ஆரம்பித்தேன். பெயர் போடாமல், ஊர் போடாமல், உம்மாவின் சமையலை எழுதினேன். அதில் ஒரே பேஜாரு, உம்மாவிடம் அளவு என்று ஒன்று கிடையாது. "போடுறதுதான்" என்பாள். எவ்வளவு என்றால் "வேணுங்கற அளவுக்கு." இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? அதனால் ஒரு ஆழாக்கும் ஒரு டீஸ்பூனும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். உப்பை உள்ளங்கையில் எடுத்து அவள் சட்டிக்கு மேலே கொண்டுபோகும்போது கையைப் பிடித்து நிறுத்தி, ஸ்பூனில் கொட்டி அளந்துவிட்டுத்தான் விடுவேன்.

"இன்னாடி இது? சமையலா, உங்க கம்பெனி டெஸ்டா?" என்று உம்மா கத்துவாள். "அளவு கையில இருக்குது. அத்தப் போய் ஸ்பூன்ல புடிக்கிறா பாரு."

நோன்புக் கஞ்சி அளவை அப்படித்தான் பிடித்தேன். ஒரு ஆழாக்கு நொய்க்குக் கொத்துக்கறி எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், புதினா, கல் உப்பு என்று எல்லாம் எழுதி முடித்ததும், மறந்துவிடுவதற்குள் சுத்தமாக எழுதிவைக்கலாம் என்று அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் பதிவு ஏறியது. அச்சடித்து உம்மாவுக்கும் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தேன். "வடையில எண்ண ஒத்தி எடுக்க ஆவும்" என்று அலமாரிக்கு மேலே செருகினாள்.

அந்தப் பதிவுக்கு நல்ல வரவேற்பு. ஆனால் மூன்று பேர் உப்புப் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். வளைகுடாவில் இருந்த ஒரு பெண், 'உங்கள் அளவுக்கு மேல் ஆழாக்குக்கு அரை ஸ்பூன் போட்டேன், அப்புறம்தான் சரியாக வந்தது' என்று பொறுமையாகவே சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம். எங்கள் உம்மாவின் கையில் குறையா? 'எங்கள் வீட்டில் இந்த அளவுதான். உங்கள் ஊர் உப்பு எப்படியோ' என்று பதில் போட்டேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த ஆடியில் உம்மாவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து பத்து நாள் படுத்தாள். எழுந்ததும் வழக்கம்போல அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் எல்லாம் பார்த்தேன், பார்த்து எழுதவும் செய்தேன். அதைத்தான் இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்று, ஜன்னல். சாயங்காலம் காற்று திரும்பினால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து கெமிக்கல் வாடை ஒன்று வரும். உம்மாதான் தெருவுக்கே முன்னால் மோப்பம் பிடித்து, "வந்துட்டான் பாரு" என்று படபடவென்று ஜன்னலைச் சாத்துவாள். நாள் முழுக்க அதற்குள்ளேயே இருந்துவிட்டு வருகிற எனக்கு அது உறைக்காது. காய்ச்சலுக்குப் பிறகு ஜன்னல் திறந்தே கிடந்தது. 'எங்கள் ஊர்க் காற்று சுத்தமாகிவிட்டது' என்று நான் ஒரு பதிவு போட்டேன்.

இன்னொன்று, உப்பு. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு ஒரு நாள் இருந்தது, இரண்டு நாள் இல்லை. வாப்பாவுக்குப் பிரஷர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் உம்மா உப்பைக் குறைத்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

அப்புறம் வாப்பாவின் ஊறுகாய். வாப்பா தட்டில் போட்டதைச் சாப்பிட்டு எழுந்து போகிறவர். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. உம்மாவுக்கு அது ஒரு தீராத குறை. "செவுத்துக்குப் போட்டா அதாவது ஈரமாவும்" என்பாள். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று வேளாவேளைக்கு எலுமிச்சை ஊறுகாய் கேட்க ஆரம்பித்தார். ரசத்துக்கு ஊறுகாய், கறிக்குழம்புக்கு ஊறுகாய், காலை நாஷ்டா இட்லிக்கும் ஊறுகாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'வாப்பாவின் ஊறுகாய்க் காதல்' என்று எழுதினேன். பனி ஊர்க்காரர்கூட வந்து சிரித்துவிட்டுப் போனார்.

நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும். அந்த வருஷம் அது புரட்டாசிக்குள் வந்து உட்கார்ந்தது. புரட்டாசியில் பக்கத்து வீட்டக்கா கவிச்சியைத் தொடமாட்டாள். நெற்றியில் நாமம், வீட்டில் தனிப் பாத்திரம், சனிக்கிழமையானால் பஸ் மாறித் திருவள்ளூர் பெருமாள் கோயில். போன வருஷமும் முதல் பாதி இப்படி இடித்தது. ஆனால் பள்ளிவாசலுக்குக் கஞ்சி அனுப்பும் எங்கள் முறை பின்பாதியில் வந்ததால் தப்பித்தோம். நான் அளவு எடுத்ததும் அந்தப் பின்பாதியில்தான்.

இந்த வருஷம் நோன்பு தொடங்கியதும் உம்மா கறி போடாத கஞ்சி காய்ச்சினாள். காரட், பீன்ஸ், பருப்பு. சுவருக்கு மேலே கிண்ணம் போனது, 'இத்தினி' வந்தது. ஒரு வாரம் ஆயிற்று. "இன்னா உம்மா, கறிக் கஞ்சியே இல்லியா?" என்றேன். "வயசாவுது, எவனுக்கு செரிக்குது?" என்றாள். நானும் நம்பினேன்.

எங்கள் தெருப் பள்ளிவாசல் சின்னது. சமையலுக்கென்று ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வீடு கஞ்சி காய்ச்சி அனுப்பவேண்டும். கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், வழிப்போக்காக வந்த லாரிக்காரர்கள் என்று ஐம்பது பேராவது அதில்தான் நோன்பு திறப்பார்கள். மற்ற வீட்டு முறைக்கு எப்படியோ, எங்கள் முறை வந்தால் கூட்டம் கொஞ்சம் கூடும். அப்படிப் பேர் வாங்கிய வீட்டிலிருந்து கறி இல்லாத கஞ்சியை அனுப்ப முடியாது. முறை ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது.

ஒத்தாசையாக இருக்கலாமே என்று அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் தேக்சா, அதுதான் எங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரம், ஏறியிருந்தது. உம்மா வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மூக்கில் வாப்பாவின் கண்ணாடி. சுவரில், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய என் தாள். ஒரு விரலைத் தாளின் வரியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் என் டீஸ்பூனால் உப்பை அள்ளி அள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது... பத்து..."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "யாரு இது? அளவு பாத்து சமைக்கிறது எங்க உம்மாவா?" என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ஸ்பூன் தரையில் விழுந்தது. "இன்னாடி பாதி நாள்ல வந்து நிக்கிற?" என்றாளே தவிர, திட்டவில்லை. உம்மா திட்டாதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ஆகா, என் எழுத்துக்கு மரியாதை வந்துவிட்டது என்று புதினா ஆய உட்கார்ந்தேன்.

நாலரைக்குப் பக்கத்து வீட்டக்கா சுவரோரம் வந்தாள். "இன்னா பாயம்மா, கவிச்சி வாசன தெருக்கோடி வரைக்கும் தூக்குது. இன்னிக்கி உங்க மொறையா? உப்பு யாரு பாக்குறது?"

உம்மா கிண்ணம் இல்லாத கையோடு சுவரண்டை நின்றாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வேணா ஒரு சொட்டு பாக்கட்டா? பெருமாளு இன்னா, அடிக்கவா போறாரு?" என்றாள்.

"வோணாம்மா" என்றாள் உம்மா. "உன் வெரதம் உனுக்கு. என் கஞ்சிக்கோசரம் நீ அத்தக் கெடுத்துக்கினா, அந்தக் கஞ்சி எனுக்கு எப்டி எறங்கும்?"

அக்கா உள்ளே போனாள்.

"அவங்க எதுக்கு?" என்றேன் நான். "நீ மோந்து பாத்தாலே தெரியுமே. பாரேன்."

உம்மா அடுப்பண்டை போனாள். தேக்சாவின் மேல் குனிந்து, ஆவிக்குள் முகத்தை வைத்தாள். கல்யாண வீட்டில் ஒரு மூச்சுதான் இழுப்பாள். அன்றைக்கு மூன்று, நான்கு, ஐந்து மூச்சு இழுத்தாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நிமிர்ந்து, கரண்டியை எடுத்துக் கஞ்சியை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, ஊதி, நாக்கில் வைத்தாள்.

நான் புதினாவைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். விவரம் தெரிந்த நாளாக நோன்பு நாளில் அவள் வாயில் எதையும் வைத்துப் பார்த்ததில்லை. அவள் தொட்டிப் பக்கம் போய்த் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். காறிக் காறித் துப்பிவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோன்பு நிக்கிதா போச்சான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள். "உப்பு இருக்குதான்னு எனுக்குத் தெரியலம்மா."

"இன்னா உம்மா சொல்ற?"

"காய்ச்சல்லேர்ந்து ஒண்ணும் தெரியல. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. சோறு துன்னா மண்ணு துன்ற மாறி இருக்குது. கை பாட்டுக்குப் போடும், மூக்கு சரின்னு சொல்லும். இப்ப சரின்னு சொல்ல ஆளில்ல. கை மேலயும் நம்பிக்க போயிடுச்சி."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உப்பு தெரியாத பொம்பளைய எவ அடுப்பாண்ட கூப்புடுவா?" அவள் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்க வாப்பாக்கு முப்பது வருஷமா நான் வேற இன்னாத்தக் குடுத்தேன்? சோறுதானே. அதுவும் இல்லன்னு சொல்லவா?"

ஜன்னல், உப்புக் குறைப்பு, கறியில்லாத கஞ்சி என்று நான் தப்பாக முடிவு கட்டியதெல்லாம் ஒன்றொன்றாக வந்து முகத்தில் அறைந்தது. அப்படி வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் மணி ஐந்தாகப் போகிறது. ஐம்பது பேர் வெறும் வயிற்றோடு இந்தக் கஞ்சியை நம்பி உட்காரப் போகிறார்கள். நான் ஹஜ்ரத் சொன்னதை நம்பி, ஒரு சொட்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். எனக்கும் நோன்புதான்.

"பத்தல" என்றேன்.

"எவ்ளோ பத்தல?"

அதுதானே தெரியவில்லை! நாற்பது சமையல் குறிப்பு எழுதியவளுக்கு ஒரு தேக்சாவுக்கு எத்தனை ஸ்பூன் குறைகிறது என்று தெரியவில்லை. திருதிருவென்று தாளைப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாகத்தானே பிடித்தேன், எங்கே போயிற்று?

"அன்னிக்கி அளந்துட்டு நீ உள்ள ஓடிட்டே" என்றாள் உம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கு அப்பறம்தானே பக்கத்தூட்டுப் பொண்ணு உப்பு பாத்துது? அவ சொல்றதுக்குன்னே கொஞ்சம் கொறச்சி வெப்பேன். நாலரை மணிக்கு வேலைய உட்டுட்டு வந்து நிக்கிறவ, ஒண்ணும் வேணாம்னு திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்?"

சுவருக்கு மேலே நடந்தது என் தாளில் ஏறவே இல்லை. அப்போதுதான் அந்த வளைகுடாப் பெண்ணின் ஞாபகம் வந்தது. ஆழாக்குக்கு அரை ஸ்பூன். தேக்சாவில் இருப்பது பதினாறு ஆழாக்கு. "எட்டு ஸ்பூன்" என்றேன். உம்மா தாளை ஒதுக்கிவிட்டு, கல் உப்பை ஒவ்வொரு ஸ்பூனாக என் உள்ளங்கையில் போட்டாள். நான் போட்டுக் கிளறி ஒரு சொட்டுப் பார்த்துத் துப்பினேன். இன்னும் கொஞ்சம். ஏழில் நிறுத்தினேன்.

"போதும்."

"எட்டு சொன்னியே?"

"போதும் உம்மா. எனுக்குத் தெரியுது."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் புதினாவைக் கிள்ளிப் போட்டு மூடினாள். ஐந்தரைக்கு வாப்பா கடைப் பையனோடு மீன்பாடி வண்டியில் வந்து தேக்சாவை ஏற்றிக்கொண்டு போனார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நானும் உம்மாவும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, எடுத்துவைத்திருந்த கஞ்சியைக் குடித்தோம். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். தன் சமையலை அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

தொழுகை முடிந்து வாப்பா வந்தார். தேக்சா காலி, அடியில் ஒட்டியதைக்கூட யாரோ வழித்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"உப்பு சரியா இருந்திச்சி" என்றார்.

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த உம்மா அப்படியே நின்றாள். "இன்னா சொன்னீங்க?"

"உப்பு. சரியா இருந்திச்சின்னேன்."

"தெரியுமா உங்களுக்கு? எப்பத்துலேர்ந்து?"

"ஊறுகா கேக்கறதுக்கு மொத நாளுலேர்ந்து."

"ஏங்க கேக்கல?"

வாப்பா தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கேட்டா நீ அடுப்பாண்ட போறதையே உட்ருவ."

உம்மாவுக்கு வந்ததே கோபம்! "ரெண்டு மாசமா! பிரஷர வெச்சிக்கினு ரெண்டு மாசமா ஊறுகாயத் துன்னுக்கினு! செத்துகித்து வெச்சா யாரு பதில் சொல்றது?" என்று கத்திக்கொண்டே, ஊறுகாய் ஜாடியை எடுத்து எட்டாத பரணில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வாப்பா எழுந்து போய், என்ன செய்வதென்று தெரியாமல், அவள் மொண்ட தண்ணீரை அவளுக்கே கொடுத்தார்.

"இனிமே உப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லணும்" என்றாள் அவள் கடைசியில். "ரெண்டு பேரும்."

மறுநாள் காலை எட்டரைக்கு ஆபீஸில் காற்றுப் பதிவையும் ஊறுகாய்ப் பதிவையும் அழித்தேன். கஞ்சிக் குறிப்பில் உப்பைத் திருத்தினேன். வளைகுடாப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினேன். அந்த வாரமே டாக்டரிடமும் போனோம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். மூக்கு பிற்பாடு பாதி வந்தது. நாக்கு வரவில்லை.

பதிவுகளை அழித்த அந்தச் சனிக்கிழமை அக்கா திருவள்ளூர் போயிருந்தாள். சாயங்காலம் நோன்பு திறந்தபோது, வாப்பா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நானும் உம்மாவும் அவரையே பார்த்தோம்.

"கொஞ்சம் கம்மி" என்றார்.

"வாய் வந்துடுச்சி பாரு இவுருக்கு!" என்று உம்மா சிலிர்த்தாள். ஆனால் கை உப்பு ஜாடிக்குப் போய்விட்டது. "எவ்ளோ?"

வாப்பா யோசித்துவிட்டு, விரல் நுனியைக் காட்டினார்.

"இத்தினி."